வெறும் தாள்

வெறும் தாளையும் மடித்துப் போட வேண்டும் என்பது என்னுடைய யோசனை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப் போகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால் வேறு எதையாவது பேசிச் சமாளித்துவிடுவேன். என் சுபாவம் எனக்குத் தெரியும்.

சீனச் சண்டைக்கு முந்தின வருஷம். எனக்கு இருபது வயது, ஆசிரியப் பயிற்சியின் கடைசிக் கட்டம். பாடம் நடத்திப் பழகுவதற்காகப் பாலக்கரையில் ஒரு பெண்கள் பள்ளிக்கு அனுப்பியிருந்தார்கள். காலையில் ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறினால், காவேரிப் பாலம் தாண்டுவதற்குள் எனக்கு நாலு புதுத் திட்டம் உதித்துவிடும். கையெழுத்துப் பத்திரிகை நடத்துவது, சைக்கிள் கற்றுக்கொள்வது, வங்காளி படிப்பது. ஒன்றும் ஒரு மாதத்தைத் தாண்டியதில்லை. தாண்டியது ஒன்றே ஒன்று, ஞாயிற்றுக்கிழமைச் சபை.

புத்தூரில் ஒரு ஓட்டு வீட்டின் கூடத்தில் சபை கூடும். எல்லா மதத்துக்காரர்களும் சேர்ந்து உட்காருகிற இடம் என்று பெயர். சுவரில் ஒரு சாமி படம் கிடையாது. எந்தப் படத்தை முதலில் மாட்டுவது என்று ஆரம்பத்தில் பெரிய விவாதம் நடந்து, முடிவில் ஒரு கடிகாரத்தை மாட்டினார்களாம். வாசலில் ஒரு தடித்த நோட்டு இருக்கும். வருகிறவர்கள் பெயரை எழுதி, பக்கத்தில் தங்களுக்குப் பிடித்த நல்லுரை ஒரு வரி எழுதிவிட்டு உள்ளே போக வேண்டும். கோரைப் பாயில் கால்மணி நேரம் மௌனம். அப்புறம் யாராவது ஒருவர் தன்னுடையதல்லாத மதத்து நூலிலிருந்து கொஞ்சம் படிப்பார். பெரிய கடை வீதியில் அத்தர் கடை வைத்திருந்த பாய் பாசுரம் படிப்பார். எங்கள் உத்தர வீதிக்காரர்களைவிட அவருக்கு ழகரம் சுத்தமாக வரும்.

தலைவர் ஒரு ரிட்டயரான ரிஜிஸ்டர் ஆபீஸ் குமாஸ்தா. முப்பது வருஷம் பத்திரங்களில் கையெழுத்தையும் கைநாட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தே கண்ணாடி தடித்துப் போனவர். நெற்றி நிறையத் திருநீறு, அதிராத குரல். வீடு அவருடையது, பாய்கள் அவருடையவை. எனக்கு அவர்மேல் அப்போது இருந்த மரியாதையை இப்போது எழுதக் கை கூசுகிறது.

அப்பா தடுக்கவில்லை. "மனுஷாளோட உக்காந்துட்டு வர்றதுல தோஷமில்லை. அங்க ஜலம் மட்டும் குடிக்க வேண்டாம்" என்றார். நான் வாராவாரம் இரண்டு டம்ளர் சுக்குக் காபி குடித்துவிட்டு வந்தேன். காபி ஜலமில்லையே என்று எனக்குள் ஒரு வாதம்.

சபையின் உயிர் கேள்விச் சீட்டுதான். மனசில் கிடக்கும் சந்தேகம், சொல்ல முடியாத குற்றம், எதுவானாலும் ஒரு துண்டுக் காகிதத்தில் பெயர் போடாமல் எழுதி மடித்துப் பித்தளைச் சொம்பில் போடலாம். தலைவர் ஒவ்வொன்றாகப் பிரித்து உரக்கப் படிப்பார். சொம்பில் விழுந்ததைப் படிக்காமல் விடக்கூடாது என்பது விதி. படித்ததும் ஒரு நிமிஷம் மௌனம். சொல்ல ஏதாவது இருப்பவர்கள் சொல்லலாம், யார் எழுதியது என்று மட்டும் கேட்கக்கூடாது. கடைசியில் சீட்டுகளெல்லாம் கரி நெருப்பில் போகும், மேலே பாய் சாம்பிராணி தூவுவார். "சாம்பிராணி ஒண்ணுதான்மா நம்ம மூணு பேருக்கும் பொது. மத்ததை அவங்கவங்க வீட்ல பாத்துக்கலாம்" என்பார்.

நான் சேர்ந்த புதிதில் வாரத்துக்கு ஒரு சீட்டு விழுந்தால் அதிகம். காரணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஒருவர் பென்சிலை எடுத்தால் இருபது கழுத்து திரும்புகிறது. மூன்றாவது வாரமே எழுந்து நின்று சொன்னேன். எல்லோரும் சீட்டு எடுக்க வேண்டும், எல்லோரும் குனிய வேண்டும், எழுத ஒன்றும் இல்லாதவர்கள் வெறும் தாளையே மடித்துப் போட வேண்டும். அப்போது யார் எழுதினார், யார் எழுதவில்லை என்று யாருக்கும் தெரியாது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இந்தப் பொண்ணுக்கு நல்ல மூளை" என்றார். அன்று பஸ்ஸில் நான் உட்காரவே இல்லை. இடம் இருந்தும் நின்றுகொண்டே ஸ்ரீரங்கம் வந்தேன்.

சீட்டுகளை நானே வெட்டினேன். பயிற்சிப் பள்ளியில் மீந்துபோன வினாத்தாள்கள், பின்பக்கம் வெறுமையாக இருக்கும். எல்லாம் ஒரே அளவு. முன்பக்கத்தில் ஊதா மையில் ஏதாவது பாதிக் கேள்வி தெரியும்.

என் யோசனை வேலை செய்தது. வாரத்துக்கு ஐந்து, ஆறு என்று விழத் தொடங்கின. மகனைவிட மருமகளைத்தான் பிடித்திருக்கிறது, இது தப்பா என்று ஒன்று. தொழுகையில் நிற்கும்போது மனசு கடையில் நிற்கிறது என்று ஒன்று. எல்லோரும் விதியை மறந்து பாயைப் பார்த்தார்கள். "நான் இல்லீங்க. எனக்கு மனசு கடையிலயும் நிக்கிறதில்லை" என்றார் அவர். பெருமாள் படுத்திருப்பதைப் பார்த்தால் எனக்குப் பக்தி வரவில்லை, தட்டி எழுப்பத் தோன்றுகிறது என்று எழுதியது நான். படிக்கும்போது தலைவர் லேசாகச் சிரித்தார்.

படித்த சீட்டைத் தலைவர் மடியில் இருக்கும் பெரிய நோட்டின்மேல் வைப்பார். வெறும் தாளாக இருந்தால் "வெறும் தாள்" என்று சொல்லிப் பக்கத்துத் தட்டில் போடுவார். முடிவில் தட்டைத் தூக்கி நெருப்பில் கவிழ்ப்பார். இதை நான் ஒவ்வொரு வாரமும் பார்த்தேன். இவ்வளவு விவரமாக எழுத முடிகிற அளவுக்குப் பார்த்தேன். ஆனால் பார்க்கவில்லை.

பள்ளியில் தையல் டீச்சர் ஒருவர் இருந்தார். முப்பது வயது இருக்கும், கத்தோலிக்கர், கல்யாணம் ஆகவில்லை. ஆறு வருஷம் படுக்கையில் கிடந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டதில் அதற்கான வயது போய்விட்டதாக மற்ற டீச்சர்கள் சொல்வார்கள். அப்பா போனபின் அண்ணன் குடும்பத்தோடு இருந்தார். அண்ணனுக்குப் பொன்மலை ஒர்க்ஷாப்பில் வேலை. என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "என்ன ஸ்ரீரங்கம், இந்த வாரம் எந்தச் சாமியை எழுப்பினே?" என்பார், வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டே. என் திட்டங்களையெல்லாம் முழுசாகக் கேட்கிற ஒரே ஆள் அவர்தான். பட்டன் துளை போட்டுக்கொண்டே கேட்பார், கடைசியில் ஒரே வார்த்தையில் அதைக் கவிழ்ப்பார். எனக்கு அக்கா கிடையாது. அந்த இடத்தில் அவரைத்தான் வைத்திருந்தேன்.

விடாமல் நச்சரித்துச் சபைக்கு அழைத்துப் போனேன். வந்தார். வாராவாரம் குனிந்தார், மடித்தார், போட்டார். "நான் வெறும் தாள்தான். என்கிட்ட என்ன கேள்வி இருக்கு?" என்றார். ஆனால் ஒருநாள் தையல் அறையில் தானாகவே பேச்செடுத்தார். மாதா கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் ஒரு விஷயத்தை மட்டும் மூன்று வருஷமாகச் சொல்லாமல் வருவதாகச் சொன்னார். சாமியார் யாரிடமும் சொல்ல மாட்டார், அது நிச்சயம். ஆனால் அவர் அப்பாவோடு உட்கார்ந்து சீட்டாடினவர், அவருக்குத் தெரிந்துபோகுமே, அதுதான் முடியவில்லை என்றார்.

நான் விடுவேனா? எழுதுங்கள் என்றேன். பெயர் இல்லை, ஒரே மாதிரிக் காகிதம், எல்லோரும் குனிந்திருக்கிறார்கள், கடைசியில் சாம்பல். யாருக்குத் தெரியும்? நாலு வாரம் பிடித்தது அவரைச் சம்மதிக்க வைக்க.

அந்த ஞாயிற்றுக்கிழமை தலைவர் மூன்றாவதாகப் பிரித்த சீட்டு அவருடையது. வரிகள் இன்னும் நினைவிருக்கின்றன. ஒரு மத்தியானம் அப்பா சாமியாரைக் கூப்பிடச் சொன்னார். பல நாள் தூங்காத அசதி. கேட்காததுபோல் படுத்திருந்தேன். எழுந்தபோது அவர் இல்லை. தூக்கத்திலேயே போய்விட்டார் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

சாகிறவருக்குச் சாமியார் வந்து எண்ணெய் பூசி ஜெபம் சொல்லாமல் போவது அவர்களில் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போது பாதிதான் தெரியும். பக்கத்தில் டீச்சர் கண்ணை மூடியிருந்தார். கன்னத்தில் நீர் வழிந்ததை அவர் துடைக்கவில்லை. மௌனம் முடிந்ததும் பாய் மட்டும் பேசினார்: "எத்தனையோ நாள் முழிச்சவங்க ஒரு மத்தியானம் தூங்கியிருக்காங்க. படைச்சவனுக்கு அது தெரியாதா?"

வெளியே வந்ததும், நீங்கள்தானே என்று கேட்டேன். கேட்கக்கூடாதென்பது விதி. கேட்டேன். டீச்சர் ஆமென்று தலையை ஆட்டினார். பிறகு, பஸ் வேண்டாம், நடந்தே போகலாம் என்றார். பாலக்கரை வரை நடந்தோம். வழியில் ஒரு கடையில் மல்லிகைப்பூ வாங்கி, பாதியைக் கிள்ளி என் தலையில் வைத்துவிட்டார். அவர் பூ வைத்து அன்றுதான் பார்த்தேன்.

மூன்று வாரம் கழித்து, திங்களும் செவ்வாயும் அவர் பள்ளிக்கு வரவில்லை. புதன்கிழமை வந்தார். என்னைக் கூப்பிட்டுத் தையல் அறைக் கதவைச் சாத்தினார்.

அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. அப்பா கூப்பிட்டாராமே, நீ கேட்காததுபோல் படுத்திருந்தாயாமே என்று, சீட்டில் இருந்த அதே வார்த்தைகளில் கேட்டிருக்கிறார். அப்பா படம் மாட்டியிருக்கிற வீட்டில் இனி உட்கார்ந்து சாப்பிடாதே என்றும் சொல்லியிருக்கிறார். டீச்சர் ஒரு டிரங்குப் பெட்டியோடு பள்ளிக்குள்ளேயே கன்னியாஸ்திரிகள் நடத்தும் விடுதிக்கு வந்துவிட்டார். அண்ணன் பிள்ளைகள் மூன்று பேரும் வாசல் வரை பின்னாலேயே வந்தார்களாம்.

"நான் ஒரே ஒருத்திகிட்டதான் தலையாட்டினேன்" என்றார்.

நான் சத்தியம் செய்தேன். பெருமாள்மேல், அம்மாமேல், வாயில் வந்த எல்லாவற்றின் மேலும் செய்தேன். சீட்டு எரிந்ததை நீங்களும் பார்த்தீர்கள், நானும் பார்த்தேன் என்றேன்.

"காகிதம் எரிஞ்சுது ஸ்ரீரங்கம். அதைத்தான் நானும் சொல்றேன். மிச்சம் இருந்தது நீதானே."

மறுநாள் பள்ளி விட்டதும் நேராகப் புத்தூருக்குப் போனேன். அண்ணனுக்கு எப்படித் தெரிந்தது என்று கண்டுபிடித்து, டீச்சரிடம் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அதைத் தவிர மனசில் வேறொன்றும் இல்லை. சபையில் யாரோ ஊகித்துவிட்டார்கள், தலைவரிடம் முறையிட்டால் அவர் விசாரிப்பார் என்றுதான் நினைத்தேன். அவரிடம் முறையிடத்தான் போனேன்.

முழுவதையும் கேட்டுவிட்டு அவர், "நான்தாம்மா சொன்னேன்" என்றார்.

குரல் அதிரவில்லை. டீச்சரின் அண்ணன் ஒரு வீட்டுப் பத்திரம் சம்பந்தமாக அவரிடம் யோசனை கேட்க வந்தாராம். பேச்சோடு பேச்சாக இவர் சொன்னாராம். தகப்பனார் ஆத்மாவுக்குப் பூசை வைக்க வேண்டிய கடமை பிள்ளைக்கு இருக்கிறதல்லவா, தெரியாமல் இருந்தால் எப்படி வைப்பார் என்றார். டீச்சர் எழுதியது என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார்.

நீளமான மூன்று நோட்டுகள். பத்திர நகல் எடுக்கிற தினுசு. ஒவ்வொரு பக்கத்திலும் சோற்றுப் பசையால் ஒட்டிய சீட்டுகள், நான் வெட்டிய சீட்டுகள். ஒவ்வொன்றின் கீழும் சிவப்பு மையில் பெயர், தகப்பனார் பெயர், தெரு. மருமகளைப் பிடித்த மாமியார் இருந்தார். கடையில் மனசு நிற்கிறவர் இருந்தார். அது உண்மையிலேயே பாய் இல்லை. பெருமாளை எழுப்ப நினைத்தவள் இருந்தாள். என் பெயர், அப்பா பெயர், உத்தர வீதி, அதன் கீழே 'கவனிக்க வேண்டும்' என்று ஒரு குறிப்பு.

"வாசல்ல இருக்கிற நல்லுரை நோட்டை வச்சுக்கிட்டு ஒப்பிடுவேன். எழுத்தை யாராலும் மறைக்க முடியாதும்மா. சுழி காட்டிக் கொடுத்துடும்" என்றார். அவர் முகத்தில் துளிக்கூடக் குற்ற உணர்ச்சி இல்லை. தன் கைவேலையைக் காட்டுகிற சந்தோஷம்தான் இருந்தது. பிற்காலத்தில் இது ஒரு பெரிய நூலாகும், மனித மனசின் தஸ்தாவேஜு என்றார்.

"அப்ப நெருப்புல போட்டது?" என்றேன்.

"வெறும் தாள். நீ சொல்லிக் கொடுத்ததுதானே? அதுக்கு முந்தி ரொம்ப சிரமம். ஒரே ஒரு சீட்டு விழும். எல்லாரும் அதையே பாத்துக்கிட்டிருப்பாங்க, எரிச்சுத்தான் ஆகணும்."

சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்தேன். ஒரே ஒரு தடவை வந்து டீச்சரிடம் நீங்கள்தான் சொன்னீர்கள் என்று சொல்லிவிடுங்கள், அது போதும் என்று கேட்டேன். கெஞ்சினேன் என்பதே சரி. அவர் நிதானமாக யோசித்தார். சீட்டு எரிவதில்லை என்று ஒருவருக்குத் தெரிந்தால் நாளைக்கு யார் எழுதுவார்கள், எத்தனை பேருக்கு ஆறுதல் கொடுக்கிற இடம் இது, ஒருத்தர் வருத்தத்துக்காக அதைக் கலைக்கலாமா என்றார். "நீயே யோசிச்சுப் பாரு. உனக்கு நல்ல மூளை." காபி சொல்லிவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனார்.

டீச்சரின் சீட்டு மூன்றாவது நோட்டில் கடைசிப் பக்கங்களில் ஒன்றில் இருந்தது. நகத்தால் ஓரத்தைக் கெல்லிப் பிய்த்தேன். பிய்த்ததும் கைக்குட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடினேன். பக்கத்தையே கிழித்திருக்க வேண்டும். சிவப்பு மை, பெயர், எல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருந்தன. அதெல்லாம் பஸ் ஏறி, டிக்கெட் வாங்கிய பிறகுதான் தோன்றியது. எனக்கு எப்போதும் இப்படித்தான். கால் முன்னால் போகும், புத்தி அடுத்த பஸ்ஸில் வரும்.

இருந்தாலும் சந்தோஷமாகத்தான் போனேன். கையில் சாட்சி இருக்கிறதே! விடுதி வராந்தாவில் டீச்சர் யாருடைய பாவாடைக்கோ மடிப்பு அடித்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். அலமாரி, நோட்டு, சோற்றுப் பசை, வெறும் தாள். கடைசியில் கைக்குட்டையைப் பிரித்துச் சீட்டைக் கொடுத்தேன்.

அவர் அதை வாங்கித் தன் எழுத்தைப் பார்த்தார். திருப்பினார். ஊதா மை வினாத்தாள், மேலே பசையோடு ஒட்டிக்கொண்டு வந்த காகிதத் திப்பி. மறுபடி திருப்பினார்.

"இது உன் கையில எப்படி வந்துச்சு?"

"அதைத்தானே டீச்சர் இவ்வளவு நேரமா சொன்னேன்?"

"நேத்து எரிஞ்சுபோச்சுன்னு பெருமாள்மேல சத்தியம் பண்ணே. இன்னிக்கு அதையே கொண்டாந்து நீட்டுற. காகிதம் உன்னுது, யோசனை உன்னுது, எழுது எழுதுன்னு உயிரை எடுத்ததும் நீ."

வந்து நோட்டைப் பாருங்கள், சிவப்பு மையில் உங்கள் பெயர் இருக்கிறது, என் பெயரும் இருக்கிறது, இப்போதே போகலாம் என்றேன்.

"இன்னும் எத்தனை பேர் சேர்ந்து அதைப் பாக்கணும்?" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "கோயில்லயே முட்டி போட்டிருக்கலாம் நான். அந்தச் சாமியாருக்குத் தெரிஞ்சிருக்கும். அதோட நின்னிருக்கும்."

சீட்டை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு மடிப்பைத் தொடர்ந்து அடித்தார். "பஸ்ஸு போயிடும்" என்றார். ஸ்ரீரங்கம் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போனேன். வாசல் நோட்டில் எழுதாமல் உள்ளே போய் உட்கார்ந்தேன். எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்துவிட வேண்டும் என்றுதான் ராத்திரி பகலாக ஒத்திகை பார்த்திருந்தேன். ஆனால் உடைத்தால் அடுத்த கேள்வி என்ன வரும்? எந்தச் சீட்டு, யாருடையது, யாருக்கு என்ன ஆயிற்று? டீச்சரின் மத்தியானம் இன்னும் இருபது பேருக்குப் பெயரோடு தெரியும். அதை மட்டும் செய்ய முடியவில்லை.

சீட்டு வந்தது. எல்லோரும் குனிந்தோம். நான் எழுதினேன். இங்கே எழுதுவது எரிவதில்லை. வெறும் தாள்தான் எரிகிறது. விதிப்படி இதைப் படிக்கவும். மறைக்காமல், என் சொந்தச் சுழியோடு, நன்றாக அழுத்தி எழுதினேன்.

நாலு சீட்டுக்குப் பிறகு தலைவர் அதைப் பிரித்தார். மற்றதைப் பிரிக்கும்போது பார்ப்பதுபோலவே பார்த்தார். கண்ணாடிக்குள் கண் ஒருமுறை இடமிருந்து வலம் போய், திரும்பி, இன்னொரு முறை போயிற்று. என் பக்கம் திரும்பவில்லை.

"வெறும் தாள்" என்றார்.

தட்டில் வைக்கவில்லை. கையை நீட்டி நேராகக் கரிக்குள் போட்டார். ஓரம் சுருண்டு, என் எழுத்து ஒரு கணம் பளிச்சென்று தெரிந்து கருத்தது. என் யோசனைக்குப் பிறகு, எழுதின சீட்டு ஒன்று எரிவதை நான் அங்கே பார்த்தது அந்த ஒரு தடவைதான். நேரத்துக்கு முன்பே நெருப்பில் ஏதோ விழுந்ததைப் பார்த்த பாய், பழக்கத்தில் ஒரு பிடி சாம்பிராணியை அள்ளித் தூவினார். புகை எழும்பியது. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். காபி குடிக்கவில்லை.

இப்போது வையம்பட்டியில் வேலை பார்க்கிறேன். டீச்சருக்கு மூன்று கடிதம் போட்டேன். பதில் இல்லை. பெயர் ஒன்றும் போடாமல் இதை எழுதியிருக்கிறேன், அவர் பெயரையும் போடவில்லை. எங்கேயாவது படித்தால் அவருக்குப் புரியும். நம்புவாரா என்பது வேறு விஷயம். கைவசம் இருந்த ஒரே சாட்சியையும் அவசரமாகப் பிய்த்துக் கொண்டுபோய் அவரிடமே கொடுத்துவிட்டேன்.